மார்ட்டின் தட்டிய வரிகள்

கல்யாணத்துக்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனம் செய்வது வழக்கமாயிற்றே, அதனால் வந்தேன் சாமி. மற்றபடி என்னிடம் பெரிய பாவம் ஒன்றும் இல்லை.

உழவர்கரையில் நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். நாளைக்கு எனக்கு மனைவியாகப் போகிற ஜோவிதா அங்கே பைத்தான் புரோகிராமிங் படிக்க வந்தவள். அப்போது அவள் புருஷன் மார்ட்டினுக்குத் தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷனில் குரல் போய்விட்டது. மகள் அபிக்குச் சொல்ல நினைத்ததையெல்லாம் தினம் ஒரு வரியாகத் தட்டி வைக்க அவனுக்கு ஆசை. அபி முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை அன்றுதான் திறந்து படிக்க வேண்டும், அதுவரை ஜோவிதாவும் பார்க்கக் கூடாது என்று பிடிவாதம். அதற்காகத்தான் அவள் படித்தாள்.

முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தேன். ஃபைலைத் திறக்கும்போது 'ஏ' போட்டால் புது வரி பழையதன் கீழே சேரும். 'டபிள்யூ' போட்டால் பழையது அத்தனையும் அழிந்து புதுசு மட்டும் நிற்கும். ஜோவிதா கெட்டிக்காரி, 'ஏ'தான் போட்டாள்.

மார்ட்டின் போய்ச் சேர்ந்தான். புதுநன்மை நெருங்கியதும், ஃபைலை சிடியில் போட்டுத் தரச் சொல்லிக் கம்ப்யூட்டரை ஆட்டோவில் கொண்டுவந்தாள். போட்டேன், எனக்கு ஒன்று. பிறகு அவள் புரோகிராமில் 'ஏ'யை 'டபிள்யூ' ஆக்கி, அவனுடைய கடைசி வரியை மட்டும் தட்டி ஓட்டினேன். 'இன்னைக்கு வலி பரவால்ல' என்பது மட்டும் மிஞ்சியது.

"டபிள்யூ போட்டுட்டியேம்மா. அவர் எழுத எழுத முந்தினது அழிஞ்சிருக்கு" என்றேன்.

அவள் அழக்கூட இல்லை. "அவரு பேச்ச நானே தெனமும் அழிச்சிருக்கேனா சார்" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் சோறு இறங்கவில்லை, கம்ப்யூட்டரைத் தொடவில்லை. வீட்டையும் குழந்தையையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். ஆபத்துக்கு யாராவது தோள் கொடுக்க வேண்டாமா?

ஏன் அழித்தாய் என்பீர்கள். செத்தவன் பேசிக்கொண்டே இருக்கிற வீட்டில் இன்னொருத்தன் எப்படிக் குடித்தனம் பண்ணுவது?

வரிகளை நான் வீணாக்கவில்லை. கரண்ட் போய் அபி பயந்தபோது, "கண்ண மூடிக்கோ கண்ணு, அது ஒன்னோட இருட்டு, ஒண்ணும் பண்ணாது" என்றேன். மார்ட்டினின் வரிதான். உடனே என் மடியில் தூங்கிவிட்டாள். நோணாங்குப்பம் படகில் அவள் பயந்து அப்பாவின் சட்டைப் பட்டனைப் பிய்த்தது பற்றி ஒரு வரி உண்டு. அதை நான் சொன்னால் பொருந்தாது. அதை மட்டும் விட்டுவிட்டு, மற்றதை வேறு சிடியில் ஏற்றிக்கொண்டு, பழையதை உடைத்துப் போட்டேன்.

நேற்று அபி, "ஒங்களுக்கு எப்படி அங்கிள் இதெல்லாம் சொல்லத் தெரியுது?" என்றாள்.

"பாசம் இருந்தா தானா வரும்டா" என்றேன்.

அதில் பொய் இல்லையே சாமி. அவள் கல்யாணம் வரைக்கும் சொல்ல என்னிடம் வரிகள் இருக்கின்றன. பெற்ற அப்பன்கூட அவளிடம் இவ்வளவு பேசியதில்லை.