கொக்கியில் தொங்கிய அட்டை

பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் தேநீர் வாங்கி வரச் சொன்னதற்கு நன்றி, துவான். சீனி போட்டிருந்தால் தொட்டிருக்க மாட்டேன். இனிப்பு நீர் நோய் வந்து, பிறகு கால் போய், கடைசியில் சிறுநீரகமும் போய் நாற்காலியில் சாய்ந்து கிடப்பவர்களைப் பதினொரு வருடமாகத் தினமும் பார்க்கிறேன். வாயைக் கட்டப் பழகிவிட்டேன்.

என் பெயர் ரூபேந்திரன். குளுவாங்கில் கடை வரிசையின் மாடியில் இருக்கிற எங்கள் டயாலிசிஸ் நிலையத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். தலைமைத் தாதி தஸ்லிமாவின் உரிமம் திங்கட்கிழமை பறிக்கப்படப் போகிறது, அதன் பின் வழக்கும் வரும் என்று கேள்விப்பட்டேன். அதைப் பற்றிச் சொல்லத்தான் நானாகவே உங்கள் விசாரணைக்கு வந்தேன். யாரும் என்னைப் பிடித்து இழுத்து வரவில்லை, அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

முன்பு எங்கள் நிலையத்தில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். அதையும் எழுதித் திரையிலேயே ஒட்டி வைத்திருந்தார்கள். யார் எதை மாற்றினார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கையை விரிப்பார்கள். நான்தான் நிர்வாகத்திடம் இரண்டு வருடம் நடையாய் நடந்து இந்த அட்டையைக் கொண்டுவந்தேன். கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அவரவர் கணினிக்குப் பக்கத்தில் போனால் திரை திறக்கும். இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் தானே பூட்டிக்கொள்ளும். ஒரு எழுத்தை மாற்றினாலும் அந்த அட்டைக்காரரின் பெயரும் நேரமும் பதிவாகிவிடும். என் பிள்ளைகளைப் பற்றிக்கூட நான் இவ்வளவு பெருமையாகப் பேசியதில்லை என்று என் மனைவி சொல்வாள். உண்மைதான்.

தஸ்லிமா நல்ல பெண். வேலையில் சூரி. ஆனால் என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். மதியம் லுஹர் தொழுகைக்குச் சுராவுக்குப் போவாள். எங்கள் சுராவ் என்பது அவளுடைய மேசைக்குப் பின்னால் ஒட்டுப்பலகை அடித்துப் பிரித்த ஒரு சின்ன அறை. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு எடுக்கும்போது அட்டை நனைந்து ஒரு தடவை கெட்டுப்போனது. அதிலிருந்து அதைக் கழற்றிச் சுராவ் கதவில் ஒரு கொக்கியில் மாட்டிவிட்டுப் போவாள். அவள் கேட்டாள் என்று அந்தக் கொக்கியை அடித்துக் கொடுத்தவனும் நான்தான். மறுநாள்தான் கவனித்தேன். கொக்கிக்கும் அவள் கணினிக்கும் ஒரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர்தான். நடுவில் பலகை இருந்தாலும் அலைவரிசைக்கு அது ஒரு தடையே இல்லை. அவள் தொழுது முடிக்கும் வரை திரை திறந்தபடியே கிடந்தது.

நான் மூன்று முறை சொன்னேன்.

"பத்து நிமிஷம்தான் லா, ரூபன் அண்ணே. அதுக்குள்ள யாரு வந்து என்னா செஞ்சிடப் போறாங்க?"

"அந்தப் பத்து நிமிஷம் போதும், தஸ்லிமா. கொக்கியை அந்தப் பக்கச் சுவருக்கு மாத்தித் தர்றேன்."

"அலமாக். நீங்க குளிக்கும்போதும் கார்டை மாட்டிக்கிட்டுத்தான் குளிப்பீங்க போல."

எல்லோரும் சிரித்தார்கள். நாற்காலிகளில் கிடந்த நோயாளிகள்கூடச் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. நான் உண்மையிலேயே அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மாட்டிக்கொண்டுதான் குளிக்கிறேன். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

வசந்தன் என்பவர் காஹாங்கில் செம்பனைக் குலை லாரி ஓட்டியவர். அறுபத்தொரு வயது. வாரத்துக்கு மூன்று நாள் வருவார். வயிற்றுப் புண்ணில் இரத்தம் கசிந்து பொது மருத்துவமனையில் படுத்துவிட்டு வந்திருந்தார். டயாலிசிஸ் செய்யும்போது இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் என்று ஒரு மருந்து போடுவார்கள். இவருக்கு இரண்டு வாரம் அதைப் போடக் கூடாது என்று கடிதம் கொடுத்திருந்தார்கள். தஸ்லிமா அதைக் கணினியில் சிவப்பு அடையாளத்தோடு ஏற்றி வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை அவள் தொழப் போனதும் நான் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். கணினி பார்க்கிறவன் யார் நாற்காலியில் உட்கார்ந்தாலும் யாரும் ஏனென்று கேட்பதில்லை. சிவப்பு அடையாளத்தை எடுத்துவிட்டு வழக்கமான அளவைப் போட்டேன். இருபது வினாடி ஆகியிருக்கலாம். அவள் திரும்பி வந்ததும் அதைக் காட்டி, "பாத்தீங்களா, உங்க பேர்ல என்ன நடந்திருக்குன்னு" என்று கேட்டுவிட்டு, அங்கேயே சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் வந்தாள். வேறொரு நோயாளிக்கு இரத்த அழுத்தம் இறங்கியது என்று அப்படியே ஓடினாள். நான் என் மேசைக்குத் திரும்பினேன்.

இரண்டு மணிக்கு வசந்தனுக்கு இயந்திரத்தை மாட்டியவள் இளைய தாதி பிரேமலா. அந்த மனிதர் கேட்கவும் செய்தார். என் மேசை பத்தடி தூரத்தில் இருந்ததால் எனக்கு நன்றாகக் கேட்டது.

"மிஸ்ஸி, எனக்கு அந்த மருந்து போடக் கூடாதுன்னு சொன்னாங்களே?"

பிரேமலா திரையை ஒருமுறை பார்த்தாள். "சிஸ்டத்துல போடச் சொல்லியிருக்கு அங்கிள். டாக்டர் மாத்திட்டாரு போல."

"அப்படின்னா சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மனதில் இருப்பதை மறைக்காமல் சொல்லச் சொன்னீர்கள். அந்த நேரம் எனக்கு ஒரு திருப்தி வந்தது. கடைசியில் எல்லோரும் கணினியை நம்பத் தொடங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவர் இரத்தமாக வாந்தி எடுத்தார். மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். பொழுது சாய்வதற்குள் இறந்துவிட்டார்.

பதிவைப் பார்த்தார்கள். தஸ்லிமாவின் பெயர், மதியம் ஒன்று இருபத்தாறு. அந்த நேரம் தொழுதுகொண்டிருந்தேன் என்று அவள் வாதாடுவாள் என்று எதிர்பார்த்தேன். வாதாடவில்லை. நேரம் சரியாக நினைவில்லை, போகும் அவசரத்தில் கை பட்டு மாற்றியிருப்பேன் என்று அவளே எழுதிக் கொடுத்தாள். அடுத்த வாரம் காஹாங்கில் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றாள். நான்தான் காரில் கூட்டிப் போனேன். வழி நெடுகச் செம்பனைத் தோட்டம்.  அங்கே வாசலில் நின்று, "நான்தான் செஞ்சிருக்கேன், அக்கா. சிஸ்டம் பொய் சொல்லாது" என்றாள். வசந்தனின் மனைவி கதவைச் சாத்திவிட்டார். திரும்பும்போது காரில் அவள் அழுத அழுகையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

அப்போதே ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். அவசியம் இல்லை என்று நினைத்தேன். இப்போது அவசியம் வந்துவிட்டது. அவள் தம்பி வைத்த வழக்கறிஞர், கணினிதான் கோளாறு செய்திருக்கும், தானாகவே அளவை மாற்றியிருக்கும் என்று எழுதி அனுப்பியிருக்கிறார். நிர்வாகம் பயந்துபோய், திங்கட்கிழமையோடு அட்டைகளைப் பிடுங்கிவிட்டுப் பழையபடி கடவுச்சொல்லுக்கே போகலாம் என்கிறது. அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கணினி எந்தத் தவறும் செய்யவில்லை. அட்டை எங்கே இருந்ததோ அதைச் சரியாகச் சொன்னது. மாற்றியவன் நான். தஸ்லிமாவை விட்டுவிடுங்கள். ஆனால் அட்டையைக் கழற்றி வைத்தாள் என்பதையும் அறிக்கையில் மறக்காமல் எழுதுங்கள்.

நீங்கள் அந்தப் பதிவுத் தாளை என் பக்கம் திருப்பி வைத்திருக்கிறீர்கள், துவான் காளிதாஸ். ஆமாம், அதே மாதத்தில் அதற்கு முன்பே இன்னும் இரண்டு பதிவுகள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றரை மணிக்குள், இரண்டும் அவள் பெயரில். அவற்றையும் நான்தான் செய்தேன். முதலாமவர் பல் பிடுங்கிய ஒரு அம்மா. கொஞ்ச நேரம் பஞ்சை வைத்து அழுத்தினார்கள், இரத்தம் நின்றுவிட்டது. இரண்டாவது ஆளுக்கு மருந்து ஏற்றும் முன் பிரேமலா சந்தேகப்பட்டு டாக்டரைக் கேட்டுவிட்டாள். இரண்டு தடவையும் தஸ்லிமா, "என் கைதான் பட்டிருக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். மறுநாளும் அட்டையைக் கொண்டுபோய் அதே கொக்கியில்தான் மாட்டினாள்.

அவள் வந்ததும் காட்டிச் சரிசெய்யலாம் என்று இருந்ததாக முதலில் சொன்னேன் அல்லவா, அதை அடித்துவிடுங்கள். வயிற்றில் புண் உள்ளவராகப் பார்த்துத்தான் எடுத்தேன். அதற்குக் குறைந்த எதையும் அவர்கள் பாடமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்களே ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள், துவான். இப்போது எங்கள் நிலையத்தில் ஒருவர்கூட அட்டையைக் கழற்றுவதில்லை.