ஷரீபுன்னிசா நிறுத்தம்

உங்கள் ஸ்டேஷன் வாசலில் சாக்கடை மூடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, இன்ஸ்பெக்டர் அய்யா. உள்ளே வரும்போது கவனித்தேன். ஒரு மனு எழுதிப் போடுங்கள். ‘தயவுகூர்ந்து சரிசெய்து தரவும்’ என்று மட்டும் எழுதினால் அது வடை மடிக்கத்தான் போகும். எப்படி எழுதினால் நகரும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொள்ளத்தான் ஒன்பது வருடம் ஆயிற்று.

என் பெயர் தெட்சிணாமூர்த்தி. மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். அல்லி நகர் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு அந்த ஒன்பது வருடமும் நான்தான் செயலாளர். போட்டி கிடையாது. ஊர் வம்பை விலைக்கு வாங்குகிற வேலை என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். வயலை மனையாக்கிப் போட்ட நகர் எங்களுடையது, முப்பத்தெட்டு வீடு. வாசலிலேயே அம்பகரத்தூர் பஸ் போகிறது. போகிறது என்றுதான் சொல்ல முடியும், நிற்காது. சனிக்கிழமையானால் திருநள்ளாறு கோயிலுக்கு வருகிற வண்டிகள் வேறு. சனி பகவானிடம் இருந்து தப்பிக்க வருகிறவர்கள் எங்கள் ரோட்டில் ஓட்டுகிற வேகத்தைப் பார்த்தால், அவர் பின்னாலேயே துரத்திக்கொண்டு வருகிறார் போலிருக்கும்.

எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு வேகத்தடை, ஒரு பஸ் நிறுத்தம். நூற்று எண்பத்தாறு மனு எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் நகல் வைத்திருக்கிறேன், கேட்டால் தருகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான், கோப்பு பாண்டிக்குப் போயிருக்கிறது. போன கோப்பு தமிழ்நாட்டைத் தாண்டித்தானே திரும்பி வர வேண்டும். நடுவில் கடலூரில் இறங்கி டீ குடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுகிறதோ என்னவோ. கடைசியில் ஆபீசில் இருந்த கிளார்க் ஒருவர், நல்ல மனுஷர், என் அலைச்சலைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக் கேட்டார்.

“சார், ஒங்க ரோட்டுல உயிர்ச்சேதம் ஏதும் இருக்கா?”

“ரெண்டு ஆடு. சந்திரலேகா டீச்சருக்குக் கணுக்கால்.”

“ஆடெல்லாம் கணக்குல வராது சார். ஒரு சாவு காட்டுங்க, கோப்பு தானா ஓடும்.”

இந்த யோசனை என்னுடையது இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஷரீபுன்னிசா பாயம்மா எங்கள் பக்கத்து வீடு. கணவர் இல்லை. ஒரே மகன் அப்ரார் ஷார்ஜாவில். தனியாகத்தான் இருந்தார்கள். நோன்பு மாதத்தில் கஞ்சி, பெருநாளுக்கு முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம், எதுவானாலும் முதல் கிண்ணம் எங்கள் வீட்டுக்குத்தான். என்னைவிட நான்கு வயது மூத்தவர்கள், என்னைத் தம்பி என்பார்கள். ரோட்டைத் தாண்டும்போதெல்லாம், “இந்த ரோட்டுலதான் ஒருநா நான் அடிபட்டு மவுத்தாவப் போறேன் தம்பி, எழுதி வச்சுக்க” என்பார்கள். எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னது அவர்கள்தான் அய்யா, நானாகக் கேட்கவில்லை.

போன வருடம் மருமகளுக்குப் பிரசவம் என்று பாயம்மா ஷார்ஜா போனார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டாம் மாதம், நூற்று எண்பத்தேழாவது மனுவில் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தேன். ‘கடந்த சனிக்கிழமை காலை பத்தரை மணியளவில் எங்கள் நகர்வாசி திருமதி ஷரீபுன்னிசா அவர்கள் சாலையைக் கடக்கையில் வாகனம் மோதிக் காயமுற்று, வீட்டிலேயே உயிரிழந்தார்.’ அவர்களோ ஷார்ஜாவில் பேரனைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். இதனால் அவர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதையெல்லாம் யோசித்துத்தான் எழுதினேன்.

இறப்புச் சான்றிதழை இணைக்கவும் என்று மனு திரும்பி வந்தது. சான்றிதழ் வாங்க வேண்டியது சங்கத்தின் கடிதம், இறந்தவரின் ரேஷன் கார்டு நகல், இரண்டு சாட்சி. கடிதம் கொடுக்கிறவன் நான். நகல் ஏற்கெனவே குடிதண்ணீர் மனுவுக்காக என்னிடம் இருந்தது. ஒரு சாட்சியும் நானே. மற்றொருவர் எங்கள் பொருளாளர் செம்பியன், எதை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர். வேகத்தடைக்கு ஒன்பது வருடம் அலையவிட்டார்கள். சாவு ஒன்பது நாளில் கிடைத்துவிட்டது.

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. வேகத்தடை வந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தம் வந்தது, நீலத் தகரம் போட்ட நிழற்குடையோடு. அதில் ‘ஷரீபுன்னிசா நினைவு நிறுத்தம்’ என்று எழுத வைத்தது நான். ஒரு நன்றி வேண்டாமா? என் மனைவி சௌந்தரவல்லிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

“ஏங்க, உசுரோட இருக்குற மனுஷிக்கு நினைவுன்னு எழுதுறீங்களே, ஒங்களுக்கே நல்லாருக்கா?”

பெயிண்டர் எழுதி முடித்துவிட்டார் என்று சொன்னேன். அப்புறம் அவள் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை.

பாயம்மா எட்டாம் மாதம் திரும்பி வந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல், பஸ்ஸில். கண்டக்டர் “ஷரீபுன்னிசாவெல்லாம் எறங்குங்க” என்று குரல் கொடுத்திருக்கிறார். “எம் பேரு ஒனக்கு எப்புடிப்பா தெரியும்?” என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். நான் அப்போது நிழற்குடையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பெட்டியோடு இறங்கியவர்கள், தலைக்கு மேலே இருந்த பெரிய எழுத்தைக் கண்ணைச் சுருக்கி வாய்விட்டுப் படித்தார்கள். இரண்டு தடவை படித்தார்கள். பிறகு பையைத் திறந்து எனக்கென்று வாங்கி வந்த கோடாலித் தைலத்தை என் கையில் வைத்தார்கள். “மூட்டு வலின்னியே தம்பி” என்றார்கள். நல்ல பெண்மணி. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

சிக்கல் மெதுவாகத்தான் தெரிந்தது. ரேஷன் கார்டில் பெயர் இல்லை. பென்ஷன் நின்றுவிட்டது. இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்து, காப்பீட்டு அட்டை எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, இறந்தவருக்குச் செய்ய முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். ரோட்டைத் தாண்ட நான்தான் கையைப் பிடித்து அழைத்துப் போவேன். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. என் கை இல்லாமல் அவர்கள் தார் ரோட்டில் கால் வைத்ததே இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

“நீதானே தம்பி எழுதுனே. நீயே அழிச்சிடேன்” என்றார்கள் ஒருநாள். கோபமே இல்லை அவர்கள் குரலில். கோபப்பட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

தனியாக முடிவெடுக்கக் கூடாது என்று பொதுக்குழுவைக் கூட்டினேன். பஸ் நிற்க ஆரம்பித்ததில் இருந்து மனை விலை ஏறியிருந்தது. இரண்டு பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணம் படிந்திருந்தது. எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்தார்கள். கடைசியில் கை தூக்கச் சொன்னோம். பாயம்மா இறந்துவிட்டார்கள் என்பதற்கு முப்பத்தொரு கை. உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கு நான்கு. அந்த நான்கில் ஒன்று பாயம்மாவின் கை. இறப்போடு உறுப்பினர் தகுதி முடிகிறது என்று விதியில் தெளிவாக இருக்கிறது, அதனால் மூன்று என்று குறித்தேன். என் மனைவி கை தூக்கியதும் அந்த மூன்றில்தான்.

பாயம்மா மனு போடப் போவதாகச் சொன்னார்கள். யாரோ டைப்பிங் கடையில் எழுதி வாங்கிய காகிதத்தைக் காட்டினார்கள். தலை எது, கால் எது என்று தெரியாத மனு. எனக்கு மனசு கேட்கவில்லை. நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன், ‘நான் உயிருடன் இருப்பதை அங்கீகரிக்க வேண்டி’ என்று பொருள் போட்டு, மூன்று இணைப்போடு. அன்று மாலையே சங்கத்தின் சார்பில் ஆட்சேபனை மனுவும் எழுதினேன். இரண்டும் நன்றாக அமைந்தன. ஆட்சேபனை ஒரு பிடி கூடுதலாகவே அமைந்தது.

ஆனால் பாருங்கள், அவர்கள் மனுவைப் பார்த்த ஆபீஸ் என்ன செய்தது தெரியுமா? சாவு சந்தேகத்துக்குரியது, ஆகவே வேகத்தடையும் சந்தேகத்துக்குரியது என்று, விசாரணை முடியும்வரை அதைப் பெயர்த்து எடுக்க உத்தரவு போட்டது. இரண்டே நாளில் ஜேசிபி வந்தது. சப்பாத்தி மாவைத் தேய்த்த மாதிரி ரோடு மட்டமாகிவிட்டது. நேரடி ஆய்வுக்குப் பாண்டியில் இருந்து ஓர் அதிகாரி வருவார், பாயம்மா உயிரோடு இருந்தால் நிறுத்தமும் ரத்து என்று தாக்கீது வந்தது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்தெட்டு வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற பஸ் அய்யா. ஒருவருக்காக இவ்வளவு பேரா என்று நீங்களே சொல்லுங்கள்.

அதிகாரி சனிக்கிழமை வந்தார். ஆய்வோடு கோயிலையும் பார்த்துவிடலாம் என்றுதான். தரிசனத்தில் கூட்டம், நேரமாகிவிட்டது. டிரைவர் எனக்குப் போன் செய்து வழி கேட்டார்.

“நேரா வாங்க தம்பி, நீலத் தகரம் தெரியும். மேடு பள்ளம் ஒண்ணுமில்ல, நல்ல ரோடு, வெரசா வாங்க, அய்யாவுக்கு நேரமாவுதுல்ல” என்றேன். வழி கேட்கிறவருக்கு வழி சொன்னேன்.

பாயம்மா வெள்ளைச் சேலை கட்டி, ஆதார் அட்டையையும் பாஸ்போர்ட்டையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு மார்போடு அணைத்தபடி வாசல் பக்கம் நின்றார்கள். நான் நிழற்குடைப் பக்கம் நின்றேன். அன்று மட்டும் கையைப் பிடிக்கப் போகவில்லை. தூரத்தில் அதிகாரியின் ஜீப் வளைவு திரும்பியதைப் பார்த்தேன். எனக்குப் பார்வை நன்றாகத் தெரியும், மீட்டர் பார்த்த கண்.

“தம்பி, வண்டி கிண்டி வருதா?” என்று கேட்டார்கள்.

“ஒண்ணும் வரல பாயம்மா, வாங்க” என்றேன்.

வந்தார்கள். நான் சொன்னால் வருவார்கள்.

அதிகாரி இறங்கி வந்து பார்த்தார். நேரடி ஆய்வு என்றால் அப்படி ஒரு நேரடி ஆய்வு எந்தக் கோப்பிலும் இருக்காது. அடுத்த வாரமே வேகத்தடையைத் திரும்பப் போட்டுவிட்டார்கள், இந்த முறை மஞ்சள் பட்டையும் அடித்து. டிரைவரை நீங்கள் விட்டுவிடுங்கள், அந்தப் பையன் மேல் தப்பில்லை. என் மனைவி வந்து உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. ஜன்னலில் நின்று அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பாயம்மாவைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். படித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன், நான் செம்பியன் இல்லை.

பொய்ச் சான்றிதழ் என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறீர்களே, அதை மட்டும் எடுத்துவிடுங்கள் அய்யா. என் மனுவை எடுத்துப் பாருங்கள். சனிக்கிழமை என்று எழுதியிருக்கிறேன், சனிக்கிழமைதான். காலை பத்தரை, அதுவும் சரி. சாலையைக் கடக்கையில், வாகனம் மோதி, எல்லாம் சரி. ரோட்டில் இருந்து தூக்கிப் போய் வீட்டுக்குள் படுக்க வைத்த பிறகுதான் உயிர் போனது, அதுகூடச் சரி. தேதி ஒன்றுதான் பதினொரு மாதம் முந்திவிட்டது. அதற்கு ஒரு திருத்த மனு போதும், பேப்பர் கொடுத்தால் இப்போதே எழுதித் தருகிறேன்.