பிராவிஸ்ஸிமா

"ரெம்ப நல்லவன்னு எவன் சொன்னாலும் நம்பாத மக்கா."

பாறசாலை போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த அக்கா தன் தங்கையிடம் சொன்னாள்.

"இத்தாலியில அந்தக் கிழவிக்கு ஒம்பது வருஷம் மலமும் மூத்திரமும் எடுத்தேன். அந்த வீட்டு ஆளுவ என்னைப் பிராவிஸ்ஸிமான்னு சொல்லுவினும்."

"அப்படின்னா எல்லாரையும் விட நல்லவளா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ரெம்ப ரெம்ப நல்லவ, அவ்வளவுதான் அர்த்தம். எல்லாரையும் விட நல்லவன்னு சொல்ல வேற பேச்சு உண்டு, லா ப்யூ பிராவா. கிழவிக்க அடக்கத்தில பூசை வச்ச அச்சன் அதைக் கிழவிக்க மகளைப் பத்திச் சொன்னாரு. கிறிஸ்துமசுக்கு மட்டும் கேக்கு கொண்டு வாறவ ஆக்கும் அவ! நான் கடைசி பெஞ்சில இருந்தேன்."

தனுவச்சபுரத்தில் கல்லூரிப் பிள்ளைகள் ஏற, தங்கை பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"நம்ம அம்மைக்க அடக்கத்துக்கு நீ வரல்ல."

"கிழவி வீட்டில அவிய லீவு தரல்ல மக்கா."

"அன்னிக்குச் சர்ச்சில போதகர் அம்மைக்க வாழ்க்கைக் குறிப்பு வாசிச்சாரு. 'அன்னாரை இறுதிவரை கண்ணைப்போல் காத்தவர் மூத்த மகள்'. நாலு வருஷம் குளிப்பாட்டினதும் கஞ்சி ஊட்டினதும் நானாக்கும்."

"உனக்க பேரு அதில இல்லியா?"

"இல்ல."

"எந்தப் பாவி எழுதினான் அதை?"

தங்கை பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இத்தாலியில இருந்து போன்ல எழுதி அனுப்பினது நீயாக்கும், அக்கா."