எமிலின் பார்சலுக்கு எமிலின் கையெழுத்து

எமிலின் பார்சலை எமிலே நேரில் வந்து, அடையாள அட்டையைக் காட்டி, கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும் என்று கொழும்பில் ஒரு சுங்கக் கந்தோர் கடிதம் அனுப்பியிருக்கிறது. எமில் இறந்து இன்றைக்கு முப்பத்தொரு நாள். இறப்புச் சான்றிதழை அனுப்பினோம். அதற்கும் பதில் வந்தது: பெறுநர் வராவிட்டால் அடுத்த மாதம் பத்தாம் திகதி பொருள் பழைய இரும்பாக ஏலத்தில் போகும். இது அநியாயம். இதைச் சொல்லிவிட்டுத்தான் வணக்கம் சொல்வது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்தேன்.

இப்போது வணக்கம். மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, எமிலின் துணைவியார் அன்ரோனெற் அவர்களே, தாராபுரத்திலிருந்து வந்திருக்கும் உம்மு ஸல்மா அவர்களே, இலுப்பைக்கடவையிலிருந்து வயல் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் யோகராசா அவர்களே, தாழ்வுபாட்டு மக்களே. வாசலில் பாதர் என் கையைப் பிடித்து, "அருட்பிரகாசம் அண்ணை, இண்டைக்கு மட்டும் கோவிக்காமல் கதையுங்கோ" என்றார். "ஓம் பாதர்" என்றேன். பாதர் என்னை மன்னிக்க வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலம் படித்தவன். எமில் பாஸின் படிவங்கள் எல்லாவற்றையும் நிரப்பியவன் நான். ஆகவே இந்த விஷயத்தில் எனக்குத் தெரியாத தாள் ஒன்றும் இல்லை.

எஞ்சின் திருத்துகிறவரை நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். எமில் பாஸ் யார்? நடுக்கடலில் வள்ளத்து எஞ்சின் நின்றால், தொலைபேசியை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, சத்தத்தைக் கேட்டே பிழையைச் சொன்னவர். அப்படிக் கரைக்குத் திரும்பியவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம். உங்களுக்கே தெரியும்.

ஆனால் அவர் உயிரை வாங்கிய வேலை வேறு. தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம் சனங்களை எங்களுடைய இந்தச் சின்னத் தீவை விட்டுப் போகச் சொன்ன அந்த ஒக்டோபரில், உம்மு ஸல்மாவின் வாப்பா தன்னுடைய பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு எமில் வீட்டுக்கு வந்தார். "தம்பி, இதை வச்சிரு. வந்து எடுக்கிறன்" என்றார். வள்ளம் ஏறித் தெற்கே கற்பிட்டி, புத்தளம் பக்கம் போனார். திரும்பி வரவில்லை. புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டார்.

எமிலுக்கு அப்போது இருபத்துநாலு வயது. மோட்டார் சைக்கிளை யாரும் பறித்துக்கொண்டு போகலாம் என்று பயந்து, எஞ்சினைக் கழற்றி, கிறீஸ் பூசி, டயர் ரியூப்பால் சுற்றி, ஒரு தகரப் பீப்பாவில் இறக்கிக் கொல்லையில் புதைத்தார். பயந்தது சரி. மற்றப் பாகங்களை ஒரு மாதத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். எஞ்சின் தப்பியது. ஆனால் தாழ்வுபாட்டிலே பிறந்து வளர்ந்தவர், மாரிக்கு இங்கே மூன்றடியிலேயே உவர்த்தண்ணீர் ஊறும் என்பதை அந்த அவசரத்தில் மறந்துபோனார். நாங்களும் இடம்பெயர்ந்து அலைந்து திரும்பி வந்து தோண்டியபோது பீப்பா உக்கிப் போயிருந்தது. எஞ்சினுக்குள்ளே சுழலும் கனத்த இரும்புத் துண்டு, கிராங் என்கிறோமே, அது துருவேறி இறுகிப் போயிருந்தது.

உம்மு ஸல்மா ஊருக்குத் திரும்பி வந்ததும் எமில் போய் எல்லாவற்றையும் சொன்னார். நானும் கூடப் போனேன். அந்தப் பிள்ளை சொன்னது எனக்கு நல்ல ஞாபகம். "எமில் நானா, வாப்பாவே இல்லை. எஞ்சினை வச்சு நான் என்ன செய்ய?"

"தங்கச்சி, வாப்பா என்னட்டைத் தந்தது ஓடுற மோட்டார் சைக்கிள். புதைச்சதும் நான், தண்ணி ஏற விட்டதும் நான். ஓட வச்சுத்தான் தருவன்" என்றார் எமில்.

அந்த ஒரு சொல்லுக்காகப் பத்து வருடத்துக்கு மேல் உழைத்தார். மோட்டார் சைக்கிளுக்குச் சட்டகம் எங்கே கிடைத்தது தெரியுமா? யோகராசா வீட்டில் கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுத்து நின்றது. "கோழியை எங்க விடுறது?" என்று யோகராசா கேட்டார். எமில் புதுக் கூடு அடித்துக் கொடுத்துவிட்டுச் சட்டகத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். ஒவ்வொரு துண்டாகச் சேர்ந்தது. கிராங் ஒன்றுதான் மிச்சம். அதை நேராக்கிப் புதுப் பேரிங் போட இங்கே கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள். கோயம்புத்தூரில் ஒரு பட்டறைக்காரர், "அனுப்புங்க, பண்ணித் தர்றேன்" என்றார்.

அனுப்புங்கள் என்று சொல்வது சுலபம். தலைமன்னாரிலிருந்து அக்கரைக்கு முப்பது கிலோமீட்டர் கடல். அந்தக் கடலால் அனுப்ப வழியில்லை. முதலில் தெற்கே கொழும்புக்கு, அங்கிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு, பிறகு லொறியில். கிராங்கைக் கொழும்புக்குக் கொடுத்துவிடும் நாளில் நாங்கள் ஒரு மடைத்தனம் செய்தோம். பலமான மரப்பெட்டி தேடினோம். தாழ்வுபாட்டில் பலமான பெட்டி என்றால் எது? கருவாட்டுப் பெட்டி. என் வீட்டுப் பெட்டிதான். கழுவித்தான் கொடுத்தேன். எத்தனை தரம் கழுவினாலும் கட்டா மீன் கருவாட்டு மணம் போகுமா? அக்கரையில் பெட்டியைத் திறக்காமலே மூக்கைப் பொத்திக்கொண்டு, சுகாதாரச் சான்றிதழ் இல்லாத கடலுணவு என்று எழுதி நாலு மாதம் மறித்து வைத்தார்கள். பட்டறைக்காரர் தொலைபேசி எடுத்தார்.

"ஐயா, கிராங்க் அனுப்பினீங்களா, கருவாடு அனுப்பினீங்களா?"

"கிராங்தான் ஐயா. மணம் எங்கட ஊர் அன்பளிப்பு" என்றார் எமில்.

அந்தப் பிழை எங்களுடையது. ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நடந்த ஒன்றும் எங்களுடையது அல்ல.

கிராங் திருந்தி, புதுப் பெட்டியில் கொழும்புக்கு வந்து பதினான்கு மாதம். எமில் ஐந்து தரம் போனார். முதல் தரம், பழைய வாகன எஞ்சின் இறக்குமதிக்கு அனுமதி வேண்டும் என்றார்கள். இது எஞ்சின் இல்லை, எஞ்சினுக்குள் இருப்பது என்று விளக்க ஒரு பயணம். இங்கேயிருந்து போனதுதான் திரும்பி வந்திருக்கிறது என்று காட்ட இன்னொரு பயணம். நாலாம் தரம் நானும் போனேன். கதிரையில் இருந்த உத்தியோகத்தர் தமிழில்தான் கேட்டார்.

"ஐயா, மோட்டார் சைக்கிள் எங்க?"

"தாழ்வுபாட்டில நிக்குது."

"அப்ப இது?"

"அதின்ர வயிறு."

அவர் சிரிக்கவில்லை. "போனதும் வந்ததும் ஒண்டுதான் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?"

எமில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிராங்கின் ஓரத்தைக் காட்டினார். ஒரு சிறிய முக்கோணமும் இரண்டு புள்ளியும். வலை மிதவைகளில் ஒவ்வொரு குடும்பமும் தன் குறியைப் போடுகிறதல்லவா, அப்படி எமில் தன் தகப்பன் வழிக் குறியை உளியால் கொத்தி அனுப்பியிருந்தார். கடலில் அறுந்துபோன மிதவை எந்தக் கரையில் ஒதுங்கினாலும் குறியைப் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறோம். இருபது மைல் தள்ளி ஒதுங்கினாலும் தருகிறார்கள். அந்த உத்தியோகத்தர் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "குறிக்கு இதில இடம் இல்லையே" என்றார்.

ஐந்தாம் தரமும் வெறுங்கையோடு போய் வந்த நாலாம் நாள் எமிலுக்கு நெஞ்சுவலி. இருதயம் என்றார் மருத்துவர். கந்தோர்தான் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மனிதன் தன் பிழையைத் திருத்த முப்பத்தைந்து வருடம் காத்திருந்தான், திருத்தியும் முடித்தான், அதைக் கையில் கொடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை என்று மட்டும் சொல்கிறேன். இதற்கு இரங்கல் போதுமா? மாலை போதுமா? எனக்குப் போதாது.

ஆகவே கேளுங்கள். பத்தாம் திகதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

பாதர், இன்று பின்னேரமே பங்குக் கடிதத்தாளில், அன்ரோனெற்தான் எமிலின் மனைவி, உரித்தாளி என்று எழுதி முத்திரை குத்தித் தாருங்கள். அன்ரோனெற், விவாகப் பதிவுத் துண்டைத் தேடி எடுங்கோ. கிடைக்காவிட்டால் அழாதேங்கோ, நாளைக்கே கச்சேரியில், மாவட்டச் செயலகத்தில், பிரதி எடுப்போம். யோகராசா, இந்தக் கிராங் போய்ச் சேர வேண்டிய மோட்டார் சைக்கிளின் சட்டகம் உங்களிடமிருந்து வந்தது என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடியுங்கோ. கோழிக்கூட்டை மறைக்க வேண்டாம். யதுசன், உன் கடையில் கமரா இருக்கிறது. எமிலின் சகோதரர்களின் மிதவை ஒவ்வொன்றிலும் உள்ள குறியைப் படம் எடுத்து அச்சடித்துத் தா. படிவத்தில் இடம் இல்லாவிட்டால் பின்னால் ஊசி குத்தி இணைப்பேன். எமிலோடு பதினைந்து வருடம் வேலை செய்த ஜெனோஜன் பட்டறையைப் பூட்டக் கூடாது. கிராங் வந்த அன்றே எஞ்சினைக் கூட்ட வேண்டும். நான் அன்ரோனெற்றோடு திங்கட்கிழமை பஸ் ஏறுகிறேன். எனக்கு எழுபத்தொரு வயது. கந்தோர் வாசலில் இருக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கிறது.

உம்மு ஸல்மா, உங்களுக்கு ஒரு வேலைதான். அந்த மோட்டார் சைக்கிளை முதலில் உதைத்துக் கிளப்ப வேண்டியவர் நீங்கள். முதல் உதைக்கு அது கிளம்பாது. இரண்டாவதுக்கும் கிளம்பாது. விடாமல் உதையுங்கோ.