பார்க்க மாட்டேன் என்று ஒரு டிக்

திங்கட்கிழமை காலை, பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ் டவுன் வரும் ஃபெரியில், எனக்கு முன் இருக்கையில் ஒரு தகப்பனும் மகளும். இருவர் முகத்திலும் தூக்கமில்லை.

“உன் வாத்தியாரு அமெரிக்கா காலேஜுக்கு உன்னைப் பத்தி என்ன எழுதுனாருன்னு பார்க்கவே முடியாதா?”

“பார்க்க மாட்டேன்னு அப்ளிகேஷன் ஃபாரத்துல நானேதான் டிக் பண்ணேன்ப்பா. அப்பதான் அந்தக் கடிதத்தை அங்க நம்புவாங்க.”

“ஸ்கூல் மீட்டிங்ல அவருகூட நான் சண்டை போட்டேன்லா.”

“ஸ்கூலே பார்த்துச்சு.”

“இன்னைக்கே போயி மன்னிப்பு கேட்டுடவா?”

“அவரு வெள்ளிக்கிழமையே அனுப்பிட்டாருப்பா.”

ஃபெரி கரையை நெருங்கியதும் தகப்பனார் எழுந்தார்.

“அப்ப கண்டிப்பா போறேன். இனிமே கடிதத்துக்காக வந்தேன்னு நினைக்க மாட்டாரு.”