இரண்டு காகிதம், ஒரே கையெழுத்து

நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி, அங்கே காற்று வராது. இந்த ஏசி கம்ப்யூட்டருக்காக வைத்தது, மனுஷனுக்காக இல்லை. பதினொரு வருஷமாக அதன் தயவில்தான் நானும் குளிர்ச்சியாக உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் கொண்டுவந்த இரண்டு காகிதத்தையும் பார்த்தேன். ஒன்று, எழிலரசி என்கிற பெண் இந்த ஷூ கம்பெனியில் மூன்று வருஷம் புரோகிராமராக இருந்தாள் என்று 2003 டிசம்பரில் கொடுத்த சான்றிதழ். இன்னொன்று, அந்தப் பெயரில் எங்கள் பதிவேட்டில் யாரும் இல்லை என்று 2004 ஏப்ரலில் சென்னைக்குப் போன ஃபேக்ஸ். இரண்டிலும் ஒரே கையெழுத்து. சுந்தர்ராஜ், கம்ப்யூட்டர் பிரிவுப் பொறுப்பாளர். நான்தான். இந்த மூன்று வருஷத்தில் ஒருத்தரும் இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்க்கவில்லை. வேலைக்கு எடுக்கிறவர்கள் பழைய கம்பெனிக்கு உங்களைப் போல ஆளனுப்பி விசாரிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நல்ல ஏற்பாடுதான்.

எது நிஜம் என்று கேட்கிறீர்கள். முதல் காகிதம்தான் நிஜம். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

1998-ல் அமெரிக்காக்காரன் வேலையெல்லாம் மெட்ராஸில் வந்து கொட்டியது. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று பயந்து, புரோகிராம் எழுதத் தெரிந்தவனை எல்லாம் வாரி எடுத்தார்கள். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுவிட்டு கிண்டியில் வரிசையில் நின்றேன். கேள்வி கேட்ட பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். முப்பத்தொன்பதா என்று என் வயதைப் பார்த்துச் சிரித்தான். அமெரிக்காக்காரனிடம் போனில் பேசுவதுபோல ஐந்து நிமிஷம் இங்கிலீஷில் பேசிக்காட்டச் சொன்னான். நான் எழுதிய புரோகிராமைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே கம்பெனிக்கு, என்னிடம் ஆறு மாசம் வேலை கற்ற ஜெஸ்டன் போனான். கிறிஸ்துமஸுக்கு நியூஜெர்சியிலிருந்து வாழ்த்து அட்டை அனுப்பினான். எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. அமெரிக்காவில் வேலை போனவனைப் பற்றியாவது பேப்பரில் எழுதுகிறார்கள். வேலை வீட்டு வாசலுக்கு வந்தும் கிடைக்காதவனைப் பற்றி எவனும் எழுதவில்லை.

அதன்பிறகு எட்டுப் பேர் இங்கே கற்றுக்கொண்டு கிளம்பிப் போனார்கள். எட்டுப் பேருக்கும் நான்தான் சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன்.

எழிலரசி ஒன்பதாவது. எங்கள் டேனரியில் தோல் அலசும் கோதண்டபாணியின் மகள். விரிஞ்சிபுரத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருவாள். ட்ரெய்னி என்பதால் வவுச்சரில்தான் சம்பளம்; பெயர் பதிவேட்டில் ஏறவில்லை. அவள் இங்கே வேலை பார்த்தாள் என்பதற்கு என் வாய் ஒன்றுதான் சாட்சி. ஏற்றுமதிக் காகிதங்கள் எல்லாவற்றையும் தயார் செய்யும் புரோகிராம் அவள் எழுதியது. அதில் பாதி எனக்குப் புரியவில்லை. முதலாளியிடம் அதைச் சொல்லவில்லை.

சென்னையில் வேலை கிடைத்ததும் காலில் விழ வந்தாள். தடுத்து, பிரியாணி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். நிஜமாகவே சந்தோஷமாகத்தான் அனுப்பினேன்.

நாலு மாசத்தில், எங்கள் ஷூவை வாங்குகிற ஜெர்மனிக்காரன் ஏற்றுமதிக் காகிதங்களின் அமைப்பை மாற்றச் சொன்னான். என்னால் முடியவில்லை. சரக்கு ஐந்து நாள் துறைமுகத்தில் நின்றது. முதலாளி நசீர் அகமது இதே அறைக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"இன்னா சுந்தர்ராஜ், அந்தப் பொண்ணு போனா புரோகிராமும் போச்சா? ரொம்ப பேஜாரா இருக்குது. மெட்ராஸ் கம்பெனி ஒருத்தன் கம்ப்யூட்டர் வேலை மொத்தத்தையும் எங்ககிட்ட குடுத்துடுங்கன்றான். இங்க ஆளே வேணாமாம்."

எனக்கு நாற்பத்தைந்து வயது. ஆம்பூரில் இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த நாற்காலி.

அதே வாரம் அவள் சேர்ந்த சென்னைக் கம்பெனியிலிருந்து அவளைப் பற்றி விசாரித்து ஃபேக்ஸ் வந்தது. ஆபீஸ் கிளார்க் பதிவேட்டைப் புரட்டிவிட்டுப் பெயர் இல்லை என்று என்னிடம் கொண்டுவந்தார். நானே பதில் எழுதுகிறேன் என்றேன். பதிவேட்டில் இல்லை என்று எழுதினேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை தம்பி, வேண்டுமானால் புரட்டிப் பாருங்கள்.

அவள் கொடுத்த சான்றிதழ் போலி என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். அப்படித்தான் புரிந்துகொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். அவளை வெளிநாட்டுக்கு அனுப்ப இருந்தார்கள்; விசா நேர்காணலுக்கு நாலு நாள்தான் இருந்ததாம். கழுத்து அட்டையைப் பிடுங்கி, வாட்ச்மேனை விட்டு வாசல்வரை நடத்திக்கொண்டு போனார்கள். வேறெந்தக் கம்பெனியும் எடுக்காதபடி பெயரைப் பட்டியலில் போட்டார்கள். சோளிங்கரில் நிச்சயம் பண்ணியிருந்த மாப்பிள்ளை வீட்டாரும் விலகிக்கொண்டார்கள்.

கோதண்டபாணி வந்து அந்தக் கதவோரம் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எம் பொண்ணு பொய் சொல்லாது சார். நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன், அவர்கள் கேட்கவில்லை என்றேன். இங்கேயே வரச் சொல்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். திங்கட்கிழமை அவள் வந்தாள். ஜெர்மனி வேலையை இரண்டே நாளில் முடித்தாள். வெளியே கொடுக்கிற பேச்சை முதலாளி அதோடு விட்டுவிட்டார்.

இப்போதும் வவுச்சர் சம்பளம்தான். பதிவேட்டில் ஏற்றச் சொல்லி முதலாளி இரண்டு முறை சொன்னார். நான்தான் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். ஏற்றிவிட்டால் அவள் போய்விடுவாள்.

என்னிடம் சொல்லாமல் மறுபடி விண்ணப்பம் போட்டிருக்கிறாள் என்பது நீங்கள் வந்த பிறகுதான் தெரிகிறது. அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. தலைவலி என்றால் மாத்திரை வாங்கிக் கொடுத்து, மழை என்றால் முன்னதாக அனுப்பி, சொந்த மகள் போலத்தானே வைத்திருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சைத் துப்பட்டா போட்டிருக்கிறாளே, அவள்தான். கூப்பிடுகிறேன், நான் சொன்னதையெல்லாம் நீங்களே சொல்லுங்கள். நம்பமாட்டாள். போன வருஷம் கிளார்க் ஏதோ காதில் போட்டதற்கு, "எங்க சாரைப் பத்தி அப்படிப் பேசாதீங்க" என்று அவரை அடக்கியவள்.

இது என்ன, இன்னொரு காகிதமா? அவள் கையெழுத்துதான். கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன்.

'ஃபேக்ஸின் நகலை வேலையை விட்டு அனுப்பிய அன்றே என் கையில் கொடுத்துவிட்டார்கள். மூன்று வருஷமாக என்னிடம்தான் இருக்கிறது. இந்த முறை கடிதம் அனுப்பி விசாரிக்க வேண்டாம். நேரில் ஆளனுப்புங்கள். இரண்டு காகிதத்தையும் அவர் முன்னால் சேர்த்து வையுங்கள். நிதானமாகக் கேட்டால் சார் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.'

பார்த்தீர்களா தம்பி, என்மேல் எவ்வளவு நம்பிக்கை அவளுக்கு.