ஐந்து ஆம்பியர்

உங்கள் மின்விசிறி மெதுவாகச் சுற்றுவதற்குக் கெப்பாசிட்டர்தான் காரணம், ஐயா. மாற்றினால் சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் கால் தரையில் பாவவில்லை, அதனால் கேட்காததையும் சொல்கிறேன்.

காகித ஆலையில் மின் பராமரிப்பு என் பொறுப்பு. டிரான்ஸ்ஃபார்மருக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் பெட்டி உண்டு. எந்த மோட்டாரில் மின்சாரம் கசிந்து எர்த்துக்கு ஓடினாலும், ஐந்து ஆம்பியருக்கு மேல் அது விடாது. மணி மட்டும் அடிக்கும், மோட்டார் பிழைத்துக்கொள்ளும். அந்தப் பெட்டியைப் பதினெட்டு வருஷம் துடைத்துத் துடைத்து வைத்தவன் நான். பெயர் வாங்கியது என் சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர், அதே ஆலையில் ஷிஃப்ட் இன்ஜினியர். "சின்ன மாப்பிள்ளை வந்த பிறகு ஒரு மோட்டார்கூட எரியலையாம்" என்று மாமியார் என்னிடமே சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தலையாட்டிக்கொண்டு சாப்பிடுவேன்.

நல்ல மனிதர்தான், பாவம். ஒரே ஒரு கெட்ட பழக்கம். மணி அடித்தால், சந்தேகப்பட்ட மோட்டாரின் இணைப்புப் பெட்டி மூடியைக் கழற்றுவார். முகத்தைக் கிட்டே வைத்துக்கொண்டு, மோட்டாரை ஓட்டச் சொல்லி, எங்கே பொறி வருகிறது என்று பார்ப்பார்.

"அஞ்சு ஆம்பியர் என்னை என்னண்ணே பண்ணிடும்?" என்று சிரிப்பார்.

சனிக்கிழமை மழையில் நனைந்த பம்ப் மோட்டாருக்கு மணி அடித்தது. நிறுத்திவிட்டு, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஞாயிறு ஆலைக்கு விடுமுறை. ரெசிஸ்டரின் இரு முனைகளையும் ஒரு செம்புப் பட்டையால் சேர்த்தேன். இரண்டே போல்ட். இனிமேல் ஐந்து அல்ல, ஆயிரக்கணக்கில் பாயும். விசிலடித்துக்கொண்டே முறுக்கினேன். வீட்டுக்குப் போயும் சிரிப்பு அடங்கவில்லை.

"என்ன, புதையல் ஏதாச்சும் கெடச்சிடுச்சா?" என்றாள் மனைவி.

திங்கள் காலை நான் சுவிட்ச் அறையில், அவர் பம்ப் அருகில். வாக்கி டாக்கியில் "போடுங்கண்ணே" என்றார். நான் அவசரப்படவில்லை.

"மூடியைக் கழட்டிட்டீங்களா?"

"கழட்டியாச்சு."

"பக்கத்துல வேற யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லண்ணே."

"நல்லா கிட்ட வச்சுப் பார்க்குறீங்களா?"

"பார்க்குறேண்ணே, போடுங்க."

பட்டனை அழுத்தினேன். விளக்குகள் ஒருமுறை மங்கி மீண்டன. பம்ப் பக்கமிருந்து வெடிச் சத்தம் கேட்டது; நான் மறுபடி விசிலடித்தேன்.

அவரைக் கொன்றது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வாக்குமூலத்தில் உங்கள் எழுத்தர் 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறார், அதை மட்டும் அடித்துவிடுங்கள். மூன்று கேள்வி கேட்ட பிறகே அழுத்தினேன். பதினெட்டு வருஷத்தில் என் வேலையைப் பற்றி யாரும் அப்படியொரு வார்த்தை எழுதியதில்லை, ஐயா.